எய்ட்ஸ் விளக்கக் கூட்டம்: 4, 5-ஆம் படிவப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

லயத்துக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் இளைஞர் பிரிவும் சேர்ந்து எய்ட்ஸ் பற்றி இரண்டு மணி நேரக் கூட்டம் நடத்துகிறோம். சனிக்கிழமை காலை, பள்ளி மண்டபம். 4, 5-ஆம் படிவ மாணவர்கள் 40 பேர் வருவார்கள். பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்கும் செம்பனைக் காட்டுக்கும் வேலைக்குப் போகும் 17, 18 வயதுப் பையன்கள் சிலரையும் கூப்பிட்டிருக்கிறோம்.

வழக்கமாக இந்தக் கூட்டங்களில் மண்டை ஓட்டுப் படம் காட்டுவார்கள், எலும்பும் தோலுமான நோயாளியைக் காட்டுவார்கள், "ஒழுக்கமாக இருங்கள்" என்று முடித்து மைலோவும் கறிபாப்பும் கொடுத்து அனுப்புவார்கள். இந்த முறை அப்படி வேண்டாம் என்று முடிவு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கட்டாயம் சொல்ல வேண்டிய மருத்துவ விஷயங்கள் எவை? 40 பேரும் தூங்காமல் கலந்துகொள்ள என்ன செய்யலாம்? "இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகளுக்கு நாமே வழி காட்டியதாகும்" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள், அவர்களிடம் எப்படிப் பேசுவது? தைப்பூசத்துக்கு அலகு குத்தும் பையன்கள் நிறைய, அதையும் சேர்க்கலாமா?

---

கிளினிக்_மிசி

ஐயா, முதல் வேலையாக அந்த மண்டை ஓட்டை எடுத்துவிடுங்கள். அதைப் பார்க்கும் பையன் மனத்தில் "எச்.ஐ.வி. இருக்கிறவன் இப்படித்தான் இருப்பான், பார்த்தாலே தெரிந்துவிடும்" என்றுதான் பதிகிறது. தெரியவே தெரியாது. கிருமி உடலில் நுழைந்து 2 முதல் 4 வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும். நம் ஊரில் இந்த அறிகுறிகளைக் கண்டால் முதலில் டிங்கி என்றுதான் நினைப்பார்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதற்குப் பிறகு மருந்தே எடுக்காவிட்டாலும் 8, 10 வருடம் ஆள் திடகாத்திரமாக இருக்கலாம், பந்து விளையாடலாம், வேலைக்குப் போகலாம். அந்த வருடங்கள் முழுக்க மற்றவருக்குத் தொற்றும். எச்.ஐ.வி. என்பது கிருமி. அது எதிர்ப்பு அணுக்களைத் தின்று, சிடி4 எனப்படும் அந்த அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினாலோ சில குறிப்பிட்ட நோய்கள் தொற்றினாலோதான் எய்ட்ஸ் என்ற பெயர். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தம் வாயாலேயே சொல்லும்வரை விடாதீர்கள்.

எப்படிப் பரவும் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்பு நீர், மலக்குடல் நீர், தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீரில் பரவாது. ஒரே தம்ளரில் குடிப்பது, ஒரே வாழை இலையில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, பொதுக் கழிப்பறை, ஆற்றில் சேர்ந்து குளிப்பது, எதிலும் வராது. கொசுவைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். டிங்கிக் கிருமி கொசுவின் உடலில் பெருகி அதன் எச்சில் சுரப்பிக்கு ஏறுகிறது, அதனால் பரவுகிறது. எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் செரித்துப்போகிறது. கொசு கடிக்கும்போது உள்ளே விடுவது தன் எச்சிலைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. காரணத்தோடு சொன்னால் நம்புவார்கள். "வராது" என்று மட்டும் சொன்னால் வெளியே போய்ச் சந்தேகப்படுவார்கள்.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. பதிவு 1986-இல். அதன் பிறகு நீண்ட காலம் போதை ஊசிதான் பெரிய வழி. இப்போது புதிய தொற்றில் பெரும்பகுதி உடலுறவு வழி வருகிறது, அதிலும் ஆண்களுக்கிடையேயான உறவு வழி கூடுதல். இந்தப் பேச்சைக் கூச்சப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். "பெண்ணோடு போனால்தான் நோய்" என்று நம்புகிற பையன் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

ஆணுறையைப் பற்றி "பயன்படுத்துங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டால் பயனில்லை, கிழிவதற்கான காரணங்களைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தால் வெயிலிலும் உராய்விலும் ரப்பர் நைந்துபோகும். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின் பட்டால் லேட்டக்ஸ் சில நிமிடத்தில் வலுவிழக்கும். நீர் கலந்த வழுவழுப்புத் திரவம் மட்டும்தான் சரி. காலாவதித் தேதியைப் பார்த்து, உறையை அழுத்தி உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்த்து, பல்லால் கடிக்காமல் ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உரசிக் கிழியும். எல்லாம் முடிந்ததும் விறைப்பு அடங்குவதற்கு முன்பே அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். பாதிப்பேர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான்.

கரும்பலகையில் பெரிதாக ஓர் எண் எழுதுங்கள்: 72. ஆணுறை கிழிந்தது, வன்கொடுமை நடந்தது, ஊசி குத்தியது, எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் ஓட ஓட அந்த வாய்ப்பு குறையும், 72 தாண்டினால் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அன்றே போக வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அங்கேயே மருத்துவம், போலீஸ், ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும்.

இன்னொன்று, எச்.ஐ.வி. மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சிறுநீர் எரிந்தால் நம்மவர்கள் "சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடிப்பார்கள், இல்லையென்றால் வெட்டைச் சூட்டுக்கு நாட்டு மருந்து வாங்குவார்கள். அது வெட்டை நோயாக (கொனோரியா) இருந்தால் இளநீரில் போகாது. மேகப்புண் (சிபிலிஸ்) இன்னும் மோசம். வலியே இல்லாத ஒரு புண் வரும், 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறும், "போய்விட்டது" என்று நினைப்பான். கிருமி உள்ளே இருக்கும். இப்படிப் புண் இருக்கும்போது எச்.ஐ.வி. நுழைவதும் சுலபம்.

---

ஆய்வுக்கூடம்

மிசி சொன்னதற்கு மேல் மருத்துவம் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. 40 பேரையும் எழுப்பி உட்கார வைக்க, கிருமி எப்படிப் பரவுகிறது என்று கண்ணால் காட்டும் ஒரு பயிற்சி உண்டு. ஆய்வகங்களில் இதை வேறு இரசாயனங்களை வைத்துச் செய்வார்கள். நம் வீட்டில் ஆரத்திக்குக் கரைப்பதை வைத்தே செய்யலாம்: மஞ்சளும் சுண்ணாம்பும்.

முதல் நாள் இரவு ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் குலுக்கி, மூடி வையுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும், இளஞ்சிவப்பு வாங்கினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் மேலே நிற்கும் தெளிநீரை மட்டும், அடியைக் கலக்காமல் சாய்த்து எடுங்கள். திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மேலே வெள்ளை ஏடு படியும், அதனால் பயன்படுத்தும்வரை மூடி வேண்டும். இன்னொரு பக்கம், கை சுத்திகரிப்புத் திரவம் 50 மில்லியில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் போட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, காப்பி வடிக்கும் துணியில் வடியுங்கள். ஜெல் வகை வேண்டாம், தண்ணீர் போல் ஓடுவதை வாங்குங்கள். தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது, ஆல்கஹால் இருந்தால்தான் நிறம் இறங்கும்.

40 பிளாஸ்டிக் தம்ளர். 39-இல் குழாய்த் தண்ணீர் அரைத் தம்ளர், ஒன்றில் சுண்ணாம்புத் தெளிநீர் அரைத் தம்ளர். பார்க்க எல்லாம் ஒன்றுதான். எந்தத் தம்ளர் என்பது உங்களுக்கும் தெரியாமல் இருக்கட்டும், வேறொருவர் ஊற்றி வைக்கட்டும். "ஆல்கலைன்" என்று எழுதிய பாட்டில் தண்ணீர் வாங்கிவிடாதீர்கள், அதுவே நிறம் மாறக்கூடும்.

மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஒருவரைத் தேடிப் போய், தன் தண்ணீர் முழுவதையும் அவர் தம்ளரில் ஊற்றி, கலக்கி, பாதியைத் திரும்ப வாங்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு தம்ளரிலும் மஞ்சள் நீர் மூன்று சொட்டு. சுண்ணாம்பு சேர்ந்தது செக்கச் செவேலென்று மாறும், சேராதது மஞ்சளாகவே நிற்கும். ஒரு தம்ளரில் தொடங்கியது மூன்றே சுற்றில் 8 தம்ளர் வரை போயிருக்கும். மூன்று சுற்றில் சுண்ணாம்பு எட்டில் ஒரு பங்காக இளகினாலும் சிவப்பு வரும். ஆனாலும் முதல் நாளே ஒரு பங்கு தெளிநீருக்கு ஏழு பங்கு தண்ணீர் கலந்து சோதித்துப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீர்த் தம்ளர்களில் சிலவற்றின் அடியில் துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். இரண்டு பேருக்கு "யாருடனும் மாற்றாதே." ஒரு ஜோடிக்கு "நீங்கள் இருவர் மட்டும், மூன்று சுற்றும்." இரண்டு பேருக்குத் தம்ளர் வாயில் பிளாஸ்டிக் உறை கட்டிக் கொடுங்கள், அவர்கள் தம்ளரோடு தம்ளர் முட்டிக்கொள்ளலாம், தண்ணீர் கலக்காது. கடைசியில் இவர்கள் தம்ளர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். "யார் ஆரம்பித்தது?" என்று நடத்துகிறவர் கேட்டுவிட்டால் கூட்டம் முழுக்க ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. சிவப்பு வந்தவர்களைத் தனியாக நிறுத்தவும் கூடாது. அடுத்தது, இந்த விளையாட்டில் ஒரு முறை கலந்தாலே தொற்று, உண்மையில் அப்படி இல்லை. ஒரே ஊசியைப் பகிர்வதில் ஏறக்குறைய 160-இல் ஒரு முறை, ஆண்-பெண் உறவில் பெண்ணுக்கு ஏறக்குறைய 1,250-இல் ஒரு முறை, ஆசனவாய் வழி ஏற்பவருக்கு ஏறக்குறைய 70-இல் ஒரு முறை என்று கணக்கு. இதை மறைக்காமல் சொல்லுங்கள். அதே மூச்சில், புண் இருந்தாலோ, எதிராளிக்குத் தொற்று புதிதாக இருந்தாலோ இந்தக் கணக்கு பல மடங்கு ஏறும் என்பதையும், அந்த ஒரு முறை எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதையும் சொல்லுங்கள்.

சுண்ணாம்புத் தெளிநீர் காரம் கூடியது. குடிக்கக் கூடாது, கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மேசையில் நாளிதழ் விரியுங்கள். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் மஞ்சள் பட்டால் அம்மாமார்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

---

லயத்துக்காரன்

ஆரத்தித் தண்ணீர் யோசனை பிரமாதம், மிக்க நன்றி சார். மிசி அக்கா, சோதனையைப் பற்றியும் சொல்லுங்கள். அலகு விஷயம் யாராவது?

---

வேல்_தொண்டு

அலகைக் கண்டிப்பாகச் சேருங்கள் தம்பி. கோயில் இளைஞர் பிரிவே நடத்துவதால் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பக்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாத மாதிரிப் பேச வேண்டும்.

முதுகில் கொக்கி, கன்னத்தில் அலகு, நாக்கில் வேல், எல்லாமே தோலைத் துளைப்பவை. ஒருவருக்குக் குத்தியதைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்தினால் எச்.ஐ.வி.யைவிட மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஹெப்பாடைட்டிஸ் பி காய்ந்த இரத்தக் கறையில் 7 நாள் உயிரோடு இருக்கும். 1989-லிருந்து நம் நாட்டில் குழந்தைகளுக்கு பி ஊசி போடுகிறார்கள், இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது.

விபூதி தடவுவது, எலுமிச்சம்பழத்தில் குத்தி எடுப்பது, ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது, இவை கிருமியை நம்பத்தக்க விதத்தில் கொல்லாது. கொக்கியின் வளைவிலும் வேல் நுனியின் கீறலிலும் இரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும், அதற்குள் ஸ்பிரிட் இறங்காது. செய்ய வேண்டியது: ஒரு காவடிக்காரருக்கு ஒரு செட், அவர் பெயர் எழுதிய டப்பாவில். பயன்படுத்தியதும் ஊற வைத்து, சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்து, பிறகு பிரஷர் குக்கரில் நீராவி. ஆவி முழு அழுத்தத்துக்கு வந்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். துணியில் சுற்றாமல் என்றால் 20 நிமிடம், சுற்றி வைத்தால் 30 நிமிடம். தேய்க்காமல் வேக வைத்தால் காய்ந்த இரத்தம் மேலோடு போல் கிருமியைக் காப்பாற்றும். குத்துகிறவர் ஒவ்வோர் ஆளுக்கும் கையுறையை மாற்ற வேண்டும். ஒரே கையுறையில் பத்துப் பேருக்குக் குத்தினால் கையுறை அவருடைய கையைத்தான் காக்கும்.

மொட்டை போடும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். பிளேடைக் காகிதத்திலிருந்து உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஒரு பிளேடு. பச்சை குத்துகிறவர்களிடம் ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதாது, மையை ஊற்றும் சிறு கிண்ணமும் ஆளுக்கு ஒன்று வேண்டும். பழைய ஊசி நனைந்த மையிலேயே புது ஊசியை நனைத்தால் என்ன பயன்?

போதை ஊசியைப் பற்றி ஒரு வரி. சிரிஞ்சு மட்டும் அல்ல, கலக்கும் கரண்டி, வடிக்கும் பஞ்சு, கழுவும் தண்ணீர் எல்லாவற்றிலும் தொற்று உண்டு. மூடிய சிரிஞ்சுக்குள் எச்.ஐ.வி. வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் நாட்டில் 2005-இல் மெத்தடோன் (போதை ஊசிக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்கும் மருந்து) சிகிச்சையும் 2006-இல் ஊசி மாற்றும் திட்டமும் வந்த பிறகுதான் இந்த வழித் தொற்று நன்றாகக் குறைந்தது. சாபு (ஐஸ் எனும் போதைப்பொருள்) புகைப்பதில் ஊசி இல்லையே என்பார்கள். இரவெல்லாம் விழித்திருந்து நிதானம் போன நிலையில் ஆணுறை யாருக்கு நினைவு வரும்? மலிவுச் சம்சு சாராயத்துக்கும் இதே பதில்.

---

பள்ளி_ஆலோசகர்

பெற்றோரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுடைய பயம் நியாயமானதுதான், பிள்ளைமேல் உள்ள அக்கறையில் வருவது. அதை அடித்துப் பேசாதீர்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு மாலை அவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் ஒவ்வொரு படத்தையும் அவர்களுக்கு முதலில் காட்டுங்கள். சுகாதார அமைச்சே 1996-இல் புரோஸ்டார் என்று இளையோரை வைத்தே இளையோருக்கு எய்ட்ஸ் விளக்கம் சொல்லும் திட்டத்தைத் தொடங்கியது, பள்ளி உடல்நலக் கல்வியிலும் இனப்பெருக்க நலம் ஒரு பகுதி என்பதைச் சொல்லுங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவுக்குத் தூண்டுவதில்லை. எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள், பள்ளி முதல்வர் வழியாக. மறுக்கும் பெற்றோரின் பிள்ளையைத் தனியே சுட்டிக் காட்டாமல், அதே நேரத்தில் வேறொரு நடவடிக்கை வையுங்கள்.

கேள்விப் பெட்டி வையுங்கள். ஆனால் "கேள்வி இருக்கிறவர்கள் எழுதுங்கள்" என்றால் எழுதுகிறவன் யார் என்று பக்கத்தில் உள்ளவனுக்குத் தெரிந்துவிடும். 40 பேருக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே நிறப் பேனா. கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று மூன்று முறை எழுதட்டும், அப்போது எல்லாப் பேனாவும் ஒரே நேரம் ஓடும். இடைவேளையில் அட்டைகளைப் பிரித்து, மிசியோ டாக்டரோ பதில் சொல்லட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வகுப்பாசிரியர் கையில் அட்டை போகக் கூடாது.

ஒரு விஷயத்தில் கவனம். ஒப்புக்கொண்டு நடந்தாலும் 16 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணோடு உறவு சட்டப்படி கற்பழிப்பு. 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு இப்படிக் குற்றம் நடப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம். ஆகவே "எதைச் சொன்னாலும் இரகசியம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொடக்கத்திலேயே "கேள்விகள் இரகசியம், யாராவது உன்னைத் துன்புறுத்தினால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம்" என்று சொல்லுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்காது. தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணைப் பலகையில் எழுதி வையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் அரை மணி நேரமாவது பிரித்து உட்கார வையுங்கள். "வேண்டாம்" என்று சொல்லப் பழகும் பயிற்சி அங்கேதான் சரியாக வரும். வெறுமனே "மறுத்துவிடு" என்றால் போதாது, வாக்கியத்தை வாயில் போட்டுப் பழக்க வேண்டும். "உனக்கு என்மேல் அன்பு இல்லையா?" என்று ஒருத்தி வாசிக்கட்டும், மற்றவள் "அன்பு இருக்கிறது, இது வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்து நடக்கட்டும். எழுந்து நடப்பதுதான் முக்கியம். உட்கார்ந்தபடியே மறுத்தால் பேச்சு திரும்ப ஆரம்பிக்கும்.

---

கிளினிக்_மிசி

சோதனை பற்றி. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பெயர் சொல்லாமலே எச்.ஐ.வி. சோதனை கேட்கலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் கேட்பார்கள், இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். விரலில் குத்தும் சோதனை 15, 20 நிமிடத்தில் பதில் சொல்லும். ஆனால் நேற்று நடந்ததை இன்று காட்டாது. இரத்தக் குழாயில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் புதிய வகைச் சோதனைக்கு 45 நாள், விரல் குத்தும் வகைக்கு 90 நாள் கழித்து வரும் "இல்லை" என்ற பதில்தான் முழுப் பதில். இரண்டாம் வாரத்தில் சோதித்து "இல்லை" என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள்தான் கவலை. விரல் சோதனையில் "உண்டு" என்று வந்தாலும் அது முதல் கட்டம், இன்னொரு சோதனையில் உறுதி செய்த பிறகே முடிவு.

உறுதியானால் சிகிச்சையும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள். முதல் வரிசை மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மலேசியர்களுக்கு இலவசம். விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் கிருமி அளவு சோதனைக்கே தட்டுப்படாத நிலைக்கு இறங்கும். ஒரு மில்லி இரத்தத்தில் கிருமி எண்ணிக்கை 200-க்குக் கீழே நின்றால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். கர்ப்பிணிகளுக்கு 1998 முதல் நாடு முழுவதும் சோதனை செய்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல்.

மருந்தை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பஸ்ஸும் வேலை நேரமும்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மருந்து வாங்கும் நாளும் தோட்டத்துச் சம்பள நாளும் ஒன்றாக வந்தால் ஆள் வரமாட்டார். முதல் முறை போகும்போதே தேதியை மாற்றிக் கேட்கலாம், கேட்டால் பார்த்துக் கொடுப்பார்கள். இதைப் பையன்களிடம் சொல்லுங்கள், வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் அவர்கள்தானே மோட்டாரில் ஏற்றிப் போகப்போகிறார்கள்.

---

லயத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மண்டை ஓட்டுப் பதாகையை இன்றே கழற்றியாயிற்று. சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடைத்தது. எட்டில் ஒரு பங்கு கலந்து பார்த்தோம், நன்றாகச் சிவக்கிறது. 40 அட்டையும் 40 நீலப் பேனாவும் வாங்க வேண்டும். ஒரு சந்தேகம் மட்டும்: வேலைக்குப் போகும் பையன்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தடுமாற்றம். அவர்களுக்கு அட்டை எப்படி?

---

பள்ளி_ஆலோசகர்

எழுதச் சொல்லாதீர்கள். அட்டையிலேயே ஆறு படம் அச்சிட்டு எல்லாருக்கும் அதையே கொடுங்கள்: ஊசி, பிளேடு, ஆணுறை, மாத்திரை, கர்ப்பிணி, கேள்விக்குறி. வேண்டியதை வட்டமிடட்டும், எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் எழுதட்டும். எல்லார் அட்டையும் ஒன்றுபோல் இருந்தால் யாருக்கு எழுத வராது என்பதும் வெளியே தெரியாது.